பீரோவுக்குள் ஒரு கை

சைரன் அலறியபோது தாரணியின் கழுத்து அவள் கணவனின் வலது கைக்குள் இருந்தது.

அது இயந்திரக் கை. முழங்கைக்குக் கீழே மாட்டிக்கொள்வது. கறுப்பு ரப்பர் போர்த்திய ஐந்து விரல்கள். அரிசி மூட்டையை ஒரே பிடியில் தூக்கும். இப்போது தாரணியைச் சமையலறைச் சுவரோடு சேர்த்துத் தூக்கியிருந்தது. அவள் குதிகால்கள் தரையில் படவில்லை.

"உங்கண்ணன் நாளைக்கு வர்றானாமா?" என்று நந்தீசன் கேட்டிருந்தான். குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதுமே உயர்த்துவதில்லை. "பொள்ளாச்சிக்கே கூட்டிட்டுப் போறானாமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே கண்ணு."

பதில் சொல்ல அவளுக்குத் தொண்டை வேண்டியிருந்தது. அது அவனிடம் இருந்தது.

கண்களின் ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வரத் தொடங்கிய நேரத்தில்தான் ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் கத்தியது. தீயணைப்பு வண்டி வீட்டுக்குள்ளேயே வந்து நின்றுவிட்டது போன்ற சத்தம். விரல்கள் விரிந்தன. தாரணி சுவரோடு சரிந்து தோசை மாவுப் பாத்திரத்தின் மேல் விழுந்தாள். நாக்கைக் கடித்திருந்தாள். மாவில் சிவப்பாகச் சொட்டியது.

நந்தீசன் ஹாலுக்கு நடந்தான். அவளும் தவழ்ந்து கதவு வரை போய்ப் பார்த்தாள். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. அதில் வெள்ளை எழுத்துகள் துடித்துக்கொண்டிருந்தன.

'எச்சரிக்கை. இந்த வீட்டில் உள்ள இயந்திரக் கையை வைரஸ் கைப்பற்றிவிட்டது. கை இனி உரிமையாளரின் கட்டுப்பாட்டில் இல்லை. உயிருக்கு ஆபத்து. கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். உடனே கீழே உள்ள எண்ணை அழையுங்கள்.'

நந்தீசன் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான், பாம்பு சுற்றியிருப்பதைப் பார்ப்பதுபோல. பிறகு தாரணியைப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"கண்ணு," என்றான். "நான் இல்ல. இதுதான்."

வாரம் ஒரு முறை அந்தக் கையைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்துத்தான் அதன் மென்பொருளைப் புதுப்பிப்பான். அந்த வழியாக ஏதோ ஏறிவிட்டது போலிருக்கிறது என்று அவனே சொன்னான். போனை எடுத்து அந்த எண்ணுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டான். பால்கனிக் கதவும் வாசல் கதவும் திறந்திருந்தன. சைரன் சத்தம் கேட்டு எதிர் ஃபிளாட் டீச்சரும் அவர் கணவரும் ஏற்கனவே வாசலில் வந்து நின்றிருந்தார்கள்.

"வணக்கம் சார், கை பாதுகாப்பு உதவி மையம். பதட்டப்படாதீங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." இனிமையான ஆண் குரல். "நீங்க நினைக்காததை உங்க கை செய்யுதா சார்?"

"செய்யுதுங்க."

"யாரையாவது தாக்கியிருக்குதா?"

"என்ற சம்சாரத்தைங்க." நந்தீசன் குரல் உடைந்தது. "தீபாவளிக்கு முந்தி ரெண்டு பல்லு போச்சுங்க. அப்பறம் ஒரு நாள் விலாவுல. இந்தக் கையால நான் அந்தக் கையைப் புடிச்சு இழுத்துப் பாத்தனுங்க. முடியலீங்க. இன்னிக்கு கழுத்தையே புடிச்சுருச்சுங்க சார்."

"அதேதான் சார். நிறைய வீட்ல இப்படித்தான். இது உங்க தப்பே இல்ல."

எதிர் வீட்டு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அட ஆண்டவனே, இத்தனை நாள் நாம இந்தத் தம்பியை என்னவெல்லாமோ நெனச்சுட்டமே," என்றார் கணவரிடம்.

தாரணி கதவில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முந்தைய அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் எதையும் பிடித்து இழுத்ததாக நினைவில்லை. ஆனால் முகத்தில் அடி விழும்போது எதிரே நிற்பவனின் மற்றொரு கை என்ன செய்தது என்று யார் கவனிப்பார்கள்? அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமாகி அவன் அழுது அவள் பார்த்ததில்லை. கூட வாழ்கிறவன் கெட்டவன் என்பதைவிட அவன் கை கெட்டது என்று நம்புவது எவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்தில் அவள் கொஞ்ச நேரம் தலை சாய்த்துக்கொண்டாள்.

போன் குரல் சொன்னபடி நந்தீசன் பணம் கட்டினான். கையைக் கழற்றினான். தலையணை உறையில் போட்டு, அவள் சீர் வரிசையில் வந்த தேக்கு பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவியை அவளிடமே கொடுத்தான்.

"நீயே வெச்சுக்க. எனக்கே என்னை நம்ப முடியல."

*

மறுநாள் அவள் அண்ணன் குணசீலன் பொள்ளாச்சியிலிருந்து காரில் வந்தான். தங்கையைக் கையோடு அழைத்துப்போக வந்தவன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்திருந்தான். ஆனால் லிஃப்ட் வாசலிலேயே டீச்சர் அவனைப் பிடித்துக்கொண்டார். மேலே வந்தபோது அவன் கோபம் பாதி இறங்கியிருந்தது. சோபாவில் ஒற்றைக் கையோடு, சவரம் செய்யாத முகத்தோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் மீதியும் இறங்கிவிட்டது.

"மாப்ள, நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டனுங்க," என்றான்.

"நானே என்னைத் தப்பாத்தான் நெனச்சனுங்க மச்சான்."

இரண்டு ஆண்களும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார்கள்.

தாரணி கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். கட்டிவைத்த பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. "அண்ணா, நான் பெட்டிய எடுத்துக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தாள். குரல் சரியாக எழும்பவில்லை.

குணசீலன் அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். "வைரஸ் வந்ததுக்கு அவரு என்ன பண்ணுவாரு அம்மிணி? கை இல்லாத மனுசன். இந்த நேரத்துல விட்டுட்டு வந்தீன்னா ஊரு நாளைக்கு உன்னையத்தான் பேசும்."

"எனக்குப் பயமா இருக்குதுண்ணா."

"அதான் பூட்டி வெச்சாச்சல்ல."

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் மேஜைமேல் வைத்துவிட்டு அவன் போய்விட்டான். இரண்டுமே மாப்பிள்ளைக்கு.

அதன் பிறகு அந்த வீடு ஒரு துக்க வீடு போலவும் இருந்தது, திருவிழா போலவும் இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து நந்தீசனுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவன் வேலை பார்த்த ஆவாரம்பாளையத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர்கள். வேகத்துக்காகப் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டி, விரலையோ கையையோ தகட்டோடு சேர்த்து நசுக்கிக்கொண்டவர்கள் அதில் பாதிப் பேர். நந்தீசனைப் போலவே அவர்களுக்கும் கம்பெனி கொடுத்த கைகள் இருந்தன. அவர்களில் சிலர் வீட்டிலும் இப்போது இந்த வைரஸ் வந்திருக்கிறதாம்.

பேப்பரிலும் வந்தது. திருப்பூர்ப் பக்கம் ஒருவனின் இயந்திரக் கை அவன் மனைவியின் மண்டையை உடைத்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். கருவிக் கோளாறு என்று எழுதி, விசாரித்துவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நந்தீசன் அந்தச் செய்தியைத் தாரணிக்கு வாசித்துக் காட்டினான். பிறகு மடித்து வைத்துவிட்டு, "பாவம் அந்த மனுசன்," என்றான்.

அன்று மதியச் சாப்பாட்டில்தான் முதல் சத்தம் கேட்டது.

ரசத்தில் உப்புக் குறைவு. தாரணி அதைச் சொல்லிவிட்டு உப்பு ஜாடியை நகர்த்தினாள். "பரவால்ல கண்ணு. தினமும் சரியாவே இருக்கணுமா என்ன?" என்று நந்தீசன் சிரித்தான்.

படுக்கையறையில் டொம் என்றது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "வைரஸ் துடிக்குதாட்ட இருக்குது," என்றான் அவன். "பக்கத்துல போயிராத."

அவள் போகவில்லை. ஆனால் காது அந்த அறையிலேயே இருந்தது. அவன் தூங்கும்போது பீரோ அமைதியாக இருந்தது. டீவியில் காமெடி ஓடும்போது அமைதியாக இருந்தது. பால்காரன் அவளோடு இரண்டு வார்த்தை சிரித்துப் பேசிவிட்டுப் போனான், டொம். அவள் போன் ஒலித்தது, டொம். ஒவ்வொரு முறையும் நந்தீசனின் முகத்தில் அதே புன்னகை. அவன் சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஒரு நாள் துணி மடித்தபடி, அவன் பக்கம் பார்க்காமலேயே அவள் சொன்னாள்: "ஏனுங்க, ஒரு வாரம் அண்ணன் வீட்ல இருந்துட்டு வரட்டுங்களா?"

"தாராளமா போய்ட்டு வா கண்ணு. உனக்கும் மாத்தமா இருக்கும்."

டொம். டொம். டொம். பீரோவின் கண்ணாடி அதிர்ந்தது.

தாரணி மடித்த துணியை மறுபடி உதறி, மறுபடி மடித்தாள். வைரஸுக்கு அவள் ஊருக்குப் போவது பற்றி என்ன அக்கறை?

*

அண்ணனிடம் தனியாகப் பேச வழியில்லை. அவள் போனில் இருக்கும்போதெல்லாம் நந்தீசன் பக்கத்திலேயே இருந்தான். எனவே அவனை வைத்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணா, உங்க மாப்ளைக்குக் கை இல்லாம ஒரே கஷ்டமுண்ணா. வேலைக்கும் போக முடியல. கை ரிப்பேர் தெரிஞ்ச யாரையாச்சும் நீயே கூட்டிட்டு வந்து காட்டேன்."

மாப்பிள்ளைக்கு ஒரு குறை என்றால் குணசீலன் சும்மா இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தங்கைக்கு என்றால்தான் யோசிப்பான்.

"எதுக்கு கண்ணு மச்சானுக்குச் சிரமம்?" என்றான் நந்தீசன். பீரோ டொம் என்றது.

ஞாயிற்றுக்கிழமை குணசீலன் ஒரு பெண்ணோடு வந்தான். பௌசியா என்று பெயர். கணபதிப் பகுதியில் ஒரு சர்வீஸ் சென்டரில் இயந்திரக் கைகளை மட்டுமே பார்க்கிறவள். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அதைத் தொடாதீங்க," என்றான் நந்தீசன். "அணைச்சா உயிருக்கு ஆபத்துன்னு போட்டிருக்குது."

"போட்டிருக்கும் சார். அதுல என்ன வேணாலும் போடலாம்." அவள் நாலு விசைகளைத் தட்டினாள். சிவப்புத் திரை சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. "இது வெறும் படம். பின்னாடி ஒண்ணுமே இல்ல. சத்தம் போட்டுப் பயமுறுத்தும், ஒரு நம்பர் குடுக்கும், நீங்க காசு கட்டுவீங்க. அவ்வளவுதான் இதோட வேலை."

"அப்ப வைரஸு?" என்று குணசீலன் கேட்டான்.

"வைரஸே கிடையாதுங்கண்ணா."

"அப்ப என்ற சம்சாரம் கழுத்தப் புடிச்சது?" நந்தீசன் அமைதியாகத்தான் கேட்டான். இடது கையில் காபி டம்ளர் இருந்தது.

பௌசியா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தாரணியின் கழுத்தைப் பார்த்தாள். துண்டுக்கு மேலே மஞ்சளும் நீலமுமாய் விரல் தடங்கள் தெரிந்தன.

"இந்தக் கைக்குச் சொந்தப் புத்தி கிடையாது சார். உங்க தோளுக்குள்ள ஒரு சிப் வெச்சிருக்காங்கல்ல, அது சொல்றதை இது செய்யும். அந்தச் சிப் நீங்க நெனைக்கறதைச் சொல்லும். நடுவுல கம்ப்யூட்டர் வழியா ஒருத்தனும் நுழைய முடியாது. கம்ப்யூட்டர்ல இருந்து கைக்குப் போறது சார்ஜும் அப்டேட்டும்தான். எங்க சென்டர் மேடமே வந்தாலும் உங்க விரல் ஒண்ணை அசைக்க முடியாது."

குணசீலன் கணக்குப் போடுகிறவன்போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். "அப்படீன்னா..." என்று தொடங்கினான்.

படுக்கையறையில் டொம் என்றது. அடுத்தடுத்து டொம், டொம். மரம் விரிசல் விடும் சத்தம்.

"அதென்ன அம்மிணி சத்தம்?"

தாரணி ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சாவியை எடுத்தாள்.

"தாரணி," என்றான் நந்தீசன். "பீரோவத் தொறக்காத."

திறந்தாள். தலையணை உறைக்குள் அது நெளிந்துகொண்டிருந்தது. விரல்கள் மடங்கின, விரிந்தன, மடங்கின. உறையின் வாயைப் பிடித்துத் தூக்கி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி ஹாலுக்குக் கொண்டுவந்தாள். அண்ணன் இதைப் பார்க்க வேண்டும். அது மட்டுமே அவள் மனத்தில் இருந்தது.

"அக்கா, கீழ போடுங்க," என்று பௌசியா எழுந்தாள். "கழட்டி வெச்சாலும் அது வேலை செய்யும். பட்டறையில இவங்க அதை ஸ்டாண்டுல மாட்டிட்டுத் தூரமா உக்காந்துதான் பிரஸ் ஓட்டுவாங்க."

உறையின் வாய் வழியாக விரல்கள் வெளியே வந்தன. தாரணியின் மணிக்கட்டைப் பிடித்தன.

எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் அலறல்.

நந்தீசன் சோபாவில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். "பாத்தீங்களா மச்சான்? இதைத்தான் நான் சொன்னேன். வைரஸ் இல்லேங்கறாங்க இந்தப் பாப்பா."

குணசீலன் தரையில் மண்டியிட்டு விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். அவன் நகம் ஒன்று பெயர்ந்து வந்தது. விரல்கள் இன்னும் இறுகின. தாரணியின் கை மணிக்கட்டுக்குக் கீழே ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது.

"மாப்ள, விடச் சொல்லுங்க. உங்களைக் கும்பிடறனுங்க மாப்ள."

"நான் எங்க மச்சான் புடிச்சிருக்கறன்? என்ற கை இங்க இருக்குது பாருங்க." டம்ளரை உயர்த்திக் காட்டினான். ஒரு வாய் குடித்தான்.

"அவர்கிட்டப் பேசாதீங்க, அவரை அடிங்க," என்று பௌசியா கத்தினாள். "வலிச்சா நெனப்பு கலையும். நெனப்பு கலைஞ்சா கை விட்டுரும். அடிங்கண்ணா."

குணசீலன் எழுந்து நின்றான். கையை ஓங்கவும் செய்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவன் மாப்பிள்ளை. நிச்சயதார்த்தத்தில் தட்டு வாங்கியவன். காலில் தண்ணீர் ஊற்றி வரவேற்கப்பட்டவன். வீட்டுக்கு வந்தால் அவனுக்கு முன் குணசீலன் நாற்காலியில்கூட உட்கார்ந்ததில்லை. ஓங்கிய கை காற்றிலேயே நின்று, மற்றொரு கையோடு சேர்ந்து கும்பிட்டது.

"மாப்ள, தயவு பண்ணுங்க..."

தாரணி அண்ணனைப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

முறிந்த கையில் அந்த இரும்புக் கனம் தொங்கியது. இடது கையால் அதன் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டாள். நந்தீசன் புன்னகையோடு அவளை அண்ணாந்து பார்த்தான். அருகே வந்து அவள் தன் கை, அவன் கை இரண்டையும் சேர்த்து ஓங்கி, அவன் முகத்தில் இறக்கினாள்.

டம்ளர் பறந்தது. அவனுடைய மூக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது. அவளுக்குத் தோள் வரை தீப்பிடித்தது. விரல்களின் பிடி விடவில்லை. மறுபடி அடித்தாள். இந்தத் தடவை வாயில். பற்கள் உடைந்ததை அவள் எலும்பிலேயே உணர்ந்தாள். அவன் கத்தினான். அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் முறை. விரல்கள் விரிந்தன. இயந்திரக் கை தரையில் விழுந்து உருண்டது.

மூன்றாவது அடிக்கு அவள் எதையும் தேடவில்லை. இடது முழங்கையாலேயே இடித்தாள். தடுக்க நந்தீசன் தன் இடது கையை முகத்துக்கு முன்னால் உயர்த்தினான்.

தரையில் கிடந்த கையும் உயர்ந்தது. எதிரே யாரும் இல்லாத காற்றில், விரல்களை விரித்து, அடிக்கு அஞ்சி, அதே கோணத்தில் தடுத்தது.

குணசீலன் அதைப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். அப்புறம் மாப்பிள்ளையைச் சட்டைக் காலரோடு பிடித்து இழுத்துத் தரையில் குப்புறத் தள்ளி, அவன் முதுகின்மேல் முழங்காலை ஊன்றினான்.

"அசைஞ்சீன்னா கழுத்தத் திருகிப் போடுவேன்," என்றான். அவனை ஒருமையில் அழைத்தது அன்றுதான்.

"பேட்டரி, பேட்டரி," என்று முனகியபடி பௌசியா கையைத் திருப்பிப் போட்டு அடியில் இருந்த மூடியைப் பிடுங்கினாள். விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுபோயின.

போலீஸும் ஆம்புலன்ஸும் வந்துகொண்டிருந்தன. டீச்சர் வாசலில் நின்று உள்ளே வராமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தாரணி கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பௌசியா தன் துப்பட்டாவால் அவள் கையை மரக்கரண்டியோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். மூலையில் சுருங்கியிருந்த சிவப்புத் திரை மறுபடி விரிந்து, வைரஸ் இரண்டாம் கட்டத்தை எட்டிவிட்டது என்று அலறத் தொடங்கியது. பௌசியா அதை மறுபடி அடக்கினாள். இந்த முறை வேரோடு பிடுங்க உள்ளே இறங்கித் தேடினாள்.

"நான் தெரியாம எதையாச்சும் அமுக்கிட்டனோ என்னமோ," என்றாள் தாரணி. குரல் இன்னும் கரகரத்தது. "போன மாசம் சேலை படம் பாக்கறப்ப ஏதேதோ வந்துச்சு. என்னாலதான் இது வீட்டுக்குள்ள வந்துச்சுங்களா?"

பௌசியா திரையில் எதையோ படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். தரையில் கிடந்தவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"இது தானா வர்ற சாதி இல்லீங்கக்கா," என்றாள் கடைசியில். "காசு கட்டி வாங்கறது. இதை விக்கறதுக்குன்னே ஒரு சைட் இருக்குது."

"யாரு வாங்குவாங்க இதைப் போய்?"

"பேர் கேப்பாங்க, கை நம்பர் கேப்பாங்க, எந்த நேரத்துக்குச் சத்தம் வரணும்னும் கேப்பாங்கக்கா. அன்னிக்குச் சாயங்காலத்துக்கு நேரம் குறிச்சுக் குடுத்துட்டுத்தான் உங்க வீட்டுக்காரர் உங்க கழுத்துல கைய வெச்சிருக்காரு."